வெள்ளாட்டைத் தோளில் சுமந்தவர்: ரோமிலிருந்து ரவென்னா வரை ஏழு நாட்கள்

ஏப்ரல் 15, 2024, திங்கள் – ரோம்

கடந்த ஆண்டு அப்பா படுக்கையில் கிடந்த நான்கு மாதங்களும் அவரைக் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி மாற்றுவது என் வேலையாகவும் தங்கையின் வேலையாகவும் இருந்தது. நோயில் மெலிந்து எலும்பும் தோலுமாக ஆகிவிட்டவர்தான். ஆனாலும் தன் உடம்பைத் தானே தாங்க முடியாத ஒருவரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று தெரியும். இரவில் விளக்கை அணைக்கும் முன் அவர் 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொல்வார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று நாங்கள் தொடங்குவோம், அவர் உதட்டை மட்டும் அசைப்பார். ஒரு கட்டத்துக்குப் பிறகு தங்கை அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் ஆலயத்துக்கும் வருவதில்லை. நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கோ சங்கீதம் மனப்பாடமாக இருந்ததே தவிர, அந்த மேய்ப்பரின் முகம் மனத்தில் எழவில்லை. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் அவரை எப்படி வரைந்தார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. அந்த ஓவியங்கள் இத்தாலியில் இருக்கின்றன.

முதல் நாளே தவறு நேர்ந்தது. சலாரியா சாலையில் உள்ள பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைகளுக்குப் பேருந்தில் போய் இறங்கினேன். கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. ஏப்ரல் மாதத்துக்குப் பொருந்தாத வெயில், 27 பாகையாவது இருக்கும். எதிரே உள்ள பெரிய பூங்காவில் பைன் மர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நொமெந்தானா சாலையில் இருக்கும் புனித ஆக்னஸ் ஆலயத்துக்கு நடந்தே போனேன். அது மதியம் மூடி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கடையில் சுப்ளி என்னும் பொரித்த சோற்றுருண்டை இரண்டு வாங்கினேன், 4 யூரோ. உள்ளே உருகிய பாலாடைக்கட்டி நூலாக நீண்டு வந்தது. கடைக்காரர் நான் நின்றுகொண்டு சாப்பிடுவதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளேயிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

காத்திருந்தது வீண்போகவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 21 அன்று, ஆக்னஸின் திருநாளில், இங்கே இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. அவற்றின் கம்பளியிலிருந்து நெய்யப்படும் 'பாலியம்' என்ற வெள்ளைப் பட்டையைத்தான் பேராயர்கள் தோளைச் சுற்றி அணிகிறார்கள். அதில் ஆறு கறுப்புச் சிலுவைகள் உண்டு. காணாமற்போன ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் மேய்ப்பரின் அடையாளம் அது. கத்தோலிக்கர்கள் தமிழில் தங்கள் தலைமைக் குருவை 'ஆயர்' என்றே அழைக்கிறார்கள். எவ்வளவோ முறை கேட்டுப் பழகிய அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆட்டு மந்தையும் அதைச் சுமக்கும் தோளும் இருப்பது, ஆலயத்தின் குளிர்ந்த படிக்கட்டில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 16, செவ்வாய் – பிரிசில்லா

இரவில் காற்று மாறிவிட்டது. நேற்று வியர்த்த அதே நிறுத்தத்தில் இன்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றேன். நுழைவுக் கட்டணம் 10 யூரோ. பெனடிக்டின் கன்னியர் பராமரிக்கும் இடம் இது. பதினான்கு பேர் கொண்ட எங்கள் குழுவை வழிநடத்திய பெண்மணி, இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் படியில் தலை இடிக்காமல் வரச் சொன்னார், முழங்கால் வலி உண்டா என்று கேட்டார். குழுவில் இருந்த முதியவர் ஒருவர் ஆம் என்று தலையசைத்ததும், அந்த நொடியிலிருந்து எல்லோருடைய நடையும் அவருடைய நடைக்கு ஏற்றதாகிவிட்டது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கீழே மூன்று அடுக்குகளாக ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. பார்வையாளர்கள் காண்பது அதில் மிகச் சிறிய பகுதிதான். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நகத்தால் கீறினால் உதிர்ந்துவிடும்போல் மென்மையான எரிமலைப் பாறை. அதன் இரு பக்கமும் அலமாரித் தட்டுகள்போல் குடைந்த குழிகள். ஒரு முழ நீளம்கூட இல்லாத குழிகளும் இருந்தன, குழந்தைகளுக்கானவை. அவற்றின் முன்னால் யாரும் பேசவில்லை.

முக்காடிட்ட பெண்ணின் அறை என்று சொல்லப்படும் சிறு அறையில், 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓவியங்கள் உள்ளன. கைகளை உயர்த்தி மன்றாடும் ஒரு பெண் சுவரில் நிற்கிறாள். அவளுடைய தலைக்கு மேலே, விதானத்தின் நடுவட்டத்தில், நல்ல மேய்ப்பர். சுற்றிலும் மயில்களும் வேறு பறவைகளும். தாடி இல்லாத இளைஞர், முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டையான ஆடை, வேலைக்காரனின் உடை. கிரீடமில்லை, ஒளிவட்டமில்லை. அவர் கழுத்தைச் சுற்றி ஓர் ஆடு கிடக்கிறது.

"அது செம்மறி அல்ல, கவனியுங்கள், வெள்ளாடு" என்றார் வழிகாட்டி.

தமிழில் 'ஆடு' என்று சொன்னால் இரண்டும் அடங்கிவிடும். அதனாலேயே நான் இத்தனை காலம் இந்த வேறுபாட்டை நின்று யோசித்ததில்லை. மத்தேயு 25-இல் செம்மறிகள் வலப்பக்கமும் வெள்ளாடுகள் இடப்பக்கமும் பிரிக்கப்படுகின்றன, இடப்பக்கத்தவர்கள் அகற்றப்படுகிறார்கள். லூக்கா 15-இல் நூறில் ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பன் சுமந்து வருவதும் செம்மறியைத்தான். இங்கேயோ, தாங்கள் நேசித்தவர்களைப் புதைத்த அறையின் உச்சியில், தள்ளப்பட வேண்டிய விலங்கைத் தோளில் ஏற்றி வைத்து ஒருவர் வரையச் செய்திருக்கிறார். ஆட்டைச் சுமக்கும் மனிதன் கிரேக்க, ரோமக் கலையில் கிறிஸ்துவுக்கு முன்பே இருந்த வடிவம், மனிதநேயத்துக்கும் அமைதியான நாட்டுப்புற வாழ்வுக்கும் அடையாளமாகக் கல்லறைப் பேழைகளில் செதுக்கப்பட்ட வடிவம் என்பது உண்மைதான். ஓவியர் தமக்குப் பழகிய அச்சையே எடுத்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், அந்தக் குடும்பம் அதை ஏற்றுக்கொண்டது, அதன் கீழே தன் இறந்தவர்களைக் கிடத்தியது.

இந்தப் படம் அந்தக் காலத்திலேயே சச்சரவுக்கு உள்ளானது. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிண்ணங்களில் தீட்டப்பட்ட மேய்ப்பரின் உருவத்தைக் காட்டிப் பெரும்பாவிகளுக்கும் திருச்சபை மன்னிப்பு வழங்கலாம் என்று வாதிட்டவர்களை மிகக் கடுமையாகச் சாடினார். அவருடைய சீற்றத்தினால்தான் மக்கள் அந்த மேய்ப்பரைப் பார்த்து எதை நம்பினார்கள் என்பது நமக்குத் தெரிய வருகிறது. தோளில் கிடப்பது எந்த ஆடு என்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. மேலே வந்து, அந்த விதானம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை 1 யூரோ கொடுத்து வாங்கினேன்.

ஏப்ரல் 17, புதன் – வத்திக்கான்

புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடக்கும் என்பதை எண்ணாமல் போனது என் பிழை. சதுக்கம் முழுவதும் மக்கள். அருங்காட்சியகத்துக்குச் சுற்றிக்கொண்டு போய், 20 யூரோ கட்டி நுழைந்தபோது பதினொன்றரை. கூட்டம் முழுவதும் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது. நான் பியோ கிறிஸ்தியானோ பகுதிக்குத் திரும்பினேன். 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ரோமின் லாத்தரன் மாளிகையில் நிறுவிய தொடக்கக் காலக் கிறிஸ்தவக் கலைத் தொகுப்பு, பின்னர் இங்கே மாற்றப்பட்டது. அங்கே என்னைத் தவிர ஐந்தாறு பேர்தான்.

உலகம் முழுவதும் அச்சிடப்படும் நல்ல மேய்ப்பர் சிலை அங்கே நிற்கிறது. நான் ஆள் உயரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சுருள்முடி இளைஞன், தோளில் குறுக்காகத் தொங்கும் பை, ஆட்டின் கால்களை இரு கைகளாலும் பிடித்திருக்கிறான். கி.பி. 300-ஐ ஒட்டிய ஒரு கல்லறைப் பேழையிலிருந்து பெயர்ந்த துண்டு அது. 18-ஆம் நூற்றாண்டில் இல்லாத பகுதிகளைச் சேர்த்துத் தனிச்சிலையாக்கினார்கள். இதைப் படித்தபோது சிறிது ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஆட்டின் வயிறு அவன் பிடரியில் அழுந்திக் கிடக்கிறது. அப்பாவைத் தூக்கும்போது அவருடைய கை என் பிடரியில்தான் விழும். அந்த இடத்தில் ஒரு சூடு இருக்கும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது சிலையல்ல, ஒரு கல்வெட்டின் உடைந்த துண்டுகள். இன்றைய துருக்கியில் அடங்கிய ஃபிரிஜியாவில், ஹியரோபொலிஸ் நகரத்து ஆயரான அபெர்சியுஸ், தாம் உயிரோடிருக்கும்போதே தம் கல்லறைக்காக எழுதி வைத்த கிரேக்கப் பாடல் அது. 216-ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. 1883-இல் ராம்சே என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். தாம் ஒரு தூய மேய்ப்பரின் சீடன் என்றும், அவர் மலைகளிலும் சமவெளிகளிலும் மந்தைகளை மேய்க்கிறவர் என்றும், எங்கும் நோக்கும் பெரிய கண்கள் அவருக்கு உண்டு என்றும் அபெர்சியுஸ் சொல்கிறார். பெரிய கண்கள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இரவில் அப்பாவின் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று இருட்டில் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. காவல் என்பதில் பாதி கண்ணின் வேலைதான்.

மாலையில் மழை. குடையை அருங்காட்சியகத்தின் பொருள் காப்பறையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். நனைந்தபடி ஒரு சிற்றுணவகத்தில் நுழைந்து, செம்மறிப் பாலில் செய்த பெக்கொரீனோ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தாவைச் சாப்பிட்டேன், 12 யூரோ. உப்பு சற்றுத் தூக்கல், ஆனால் குளிருக்கு இதமாக இருந்தது. அடுத்த மேசையில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலா எலும்புகள் வந்து இறங்கின. இந்த ஊரின் பெயர்பெற்ற உணவு அது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஏப்ரல் 18, வியாழன் – கஃபரெல்லா பள்ளத்தாக்கு

பழைய அப்பியா சாலையை ஒட்டி, ரோம் நகரத்தின் எல்லைக்குள்ளேயே, கஃபரெல்லா என்னும் பசும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே இன்றும் ஆடுகள் மேய்கின்றன என்று கேள்விப்பட்டு, கல்லில் செதுக்கியதைப் பார்த்தது போதும், உயிருள்ளதையும் பார்ப்போம் என்று போனேன். நேற்றைய மழையில் பாதை சேறாகி, இரண்டு இடத்தில் செருப்பு புதைந்தது. ஒரு வளைவில் வழி தவறி முள்வேலி ஒன்றின் முன் போய் நின்றபோது, மணிச்சத்தம் கேட்டது.

இருநூறு ஆடுகளாவது இருக்கும். அவற்றுக்கிடையே வெள்ளை நிறத்தில் மூன்று பெரிய மரேம்மா நாய்கள். அவை எழுந்து என்னை நோக்கி வந்தன, குரைக்கவில்லை. ஒரு மனிதர் நாக்கைச் சொடுக்கினார், மூன்றும் உட்கார்ந்தன. ஐம்பது வயதிருக்கும், ருமேனியாவைச் சேர்ந்தவர், இத்தாலியில் பதினெட்டு ஆண்டுகளாக இதே தொழில். எனக்குத் தெரிந்த சில இத்தாலியச் சொற்களும் கைப்பேசியின் மொழிபெயர்ப்பும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. இத்தாலியில் ஆடு மேய்ப்பவரையும் 'பஸ்தோரே' என்கிறார்கள், எங்கள் சபைப் போதகரையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள்.

அவர் நொண்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டையைப் பிடித்தார். தாடையின் கீழ் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, சிறு திருகலில் அதைக் குந்த வைத்து, தம் முழங்கால்களுக்கிடையே சாய்த்துக்கொண்டார். அது ஒரு கிழவியைப்போல் கால்களை நீட்டி அமைதியாக உட்கார்ந்துவிட்டது. வளைந்த கத்தியால் குளம்பின் ஓரத்தைச் சீவினார். சீவல்கள் ஈர மரத்தோல்போல் சுருண்டு விழுந்தன. பிளவுக்குள் அழுகல் நாற்றம் வந்தது. விரலால் அங்கே தடவி முகர்ந்து பார்த்தார், பையிலிருந்து நீல நிற மருந்தைத் தெளித்தார், பிறகு அதன் நெற்றியை ஒருமுறை தேய்த்துவிட்டு எழுப்பி விட்டார். எல்லாம் மூன்று நிமிடம். நான் அதன் முதுகைத் தொட்டேன். கையில் ஒட்டிய கம்பளியின் பிசுக்கு, தங்குமிடத்தில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பின்பும் போகவில்லை. மேய்ப்பர்கள் ஆடுகளின் வாசனை உடையவர்களாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் குருக்களிடம் சொன்னார். அது உவமை மட்டுமல்ல, உண்மையிலேயே போகாத வாசனை.

வளர்ந்த ஆட்டின் எடை என்ன என்று கேட்டேன். 45 கிலோ என்றார். தோளில் சுமந்ததுண்டா?

"குட்டிகளை நாள்தோறும் தூக்குவேன். பெரிய ஆட்டை இரண்டு மூன்று முறைதான். கால் உடைந்திருந்தால், வேறு வழி இல்லாவிட்டால். இங்கே வலிக்கும்" என்று பிடரியைக் காட்டினார். "எங்கே விழுந்ததோ அங்கிருந்து மந்தை வரைக்கும்தான். மந்தையைப் பார்த்துவிட்டால் அதுவே துள்ளி இறங்கப் பார்க்கும்."

ஆடுகள் உங்களுடையவையா என்று கேட்டதற்குச் சிரித்துத் தலையசைத்தார். அவர் கூலிக்கு மேய்ப்பவர். குட்டி போடும் பருவத்தில் மூன்று வாரம் கொட்டிலிலேயே படுப்பாராம். குட்டிகள் பிறகு எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், ஈஸ்டருக்கு முன் விற்றுவிடுவார்கள் என்று. சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மந்தையைப் பார்த்தார். மேய்ப்பன் என்ற உருவகத்தை நாம் ஆலயத்தில் பாடும்போது மறந்துவிடும் பகுதி இது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில், சிங்காசனத்தின் நடுவிலிருக்கும் ஆட்டுக்குட்டியானவரே தம் மக்களை மேய்ப்பார் என்று எழுதியிருக்கிறது. வெட்டப்பட்ட குட்டியே மேய்ப்பனாகிறது. அந்த வசனம் ஏன் அப்படித் தலைகீழாக இருக்கிறது என்பது எனக்கு அந்தச் சேற்றில் நிற்கும்போது புரிந்தது.

கிளம்பும்போது அவர் சீழ்க்கையடித்தபடி முன்னே நடந்தார், ஆடுகள் பின்னே போயின. யோவான் சொல்வதும் அதேதான், மேய்ப்பன் முன்பாக நடக்கிறான். பண்ணை வீட்டில் கால் கிலோ பெக்கொரீனோ 5 யூரோவுக்கு வாங்கினேன். பிற்பகலில் கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைகளையும் பார்த்தேன். திருத்தந்தையர் பலர் புதைக்கப்பட்ட பெரும் இடம்தான், ஆனால் மனம் புல்வெளியிலேயே நின்றுவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி – ரயிலில்

ரயில் தாமதமாகிப் பொலோஞ்ஞாவில் இணைப்பு வண்டி போய்விட்டது. ஒன்றேகால் மணி நேரம் நடைமேடையில் குளிர்காற்றில் நின்றேன். பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி, நான் கையைத் தேய்த்துக்கொள்வதைக் கண்டு, தன் குடுவையிலிருந்து சூடான தேநீரை மூடியில் ஊற்றித் தந்தாள். மாலை ஏழு மணிக்கு ரவென்னா. ஊர் முழுவதும் மிதிவண்டிகள். பியதீனா என்னும் தட்டை ரொட்டியில் ஸ்குவாக்கெரோனே என்ற இளம் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துக் கொடுத்தார்கள், 6 யூரோ. ரொட்டியின் சூட்டில் பாலாடைக்கட்டி விரலிடுக்கில் வழிந்தது. சீக்கிரமே படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி – ரவென்னா

ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியாவின் பெயர் கொண்ட கல்லறை மண்டபத்துக்குக் குறித்த நேரத்தில்தான் போக முடியும், அதற்குத் தனியாக 2 யூரோ. உள்ளே இருக்கக் கிடைப்பது ஐந்தே நிமிடம். சான் விதாலே பேராலயத்தில் நின்றுகொண்டு, விதானத்தின் நடுவே விண்மீன்களுக்கிடையில் நிற்கும் ஆட்டுக்குட்டியையும், மாமனாரின் மந்தையை மேய்த்தபடி ஓர் ஆட்டைத் தடவிக்கொடுக்கும் மோசேயையும் பார்த்ததில் என் நேரம் தவறிவிட்டது. வாசலில் நின்ற ஊழியர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த குழுவோடு போகும்படி கையைக் காட்டினார். கடிந்து ஒரு சொல் இல்லை.

வெளியே சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே குனிந்து நுழைந்தால் இருட்டு, பிறகு மெல்ல மெல்ல நீலம். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர் என்னும் ஒளி ஊடுருவும் கல்லின் மெல்லிய பலகைகள், அவற்றின் வழியே தேன் நிறத்தில் ஒளி கசிகிறது. மேலே நூற்றுக்கணக்கான பொன் விண்மீன்கள். அவற்றைப் பார்த்தும், எதிர்ச் சுவரில், தாம் வாட்டிக் கொல்லப்பட்ட இரும்புக் கட்டிலுக்கருகே நிற்கும் புனித லாரன்சைப் பார்த்தும் மூன்று நிமிடம் போய்விட்டது. மேய்ப்பரைக் காணோமே என்று பதறினேன். அவர் நுழைந்த கதவுக்கு மேலேயே இருந்தார். திரும்பிப் பார்த்தால்தான் தெரிவார், போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகத்தக்க இடத்தில்.

5-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் செய்த மொசைக் அது. பிரிசில்லாவின் குட்டை உடை இங்கே இல்லை. பொன்னாடை, ஊதாப் போர்வை, தலையைச் சுற்றி ஒளிவட்டம், கையில் மேய்ப்பன் கோலுக்குப் பதிலாகப் பொற்சிலுவை. பாறையின் மேல் அரசரைப்போல் அமர்ந்திருக்கிறார். கிறிஸ்தவம் பேரரசின் மதமாகிவிட்டது, மேய்ப்பரும் அரண்மனைக்குக் குடிபோய்விட்டார். இதற்குப் பிறகு ஆட்டைச் சுமக்கும் இளைஞன் கலையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போகிறான். அது ஓர் இழப்பு என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இரு பக்கமும் மும்மூன்றாக ஆறு செம்மறிகள், எல்லாம் அவரையே பார்க்கின்றன, அவர் உடம்பைத் திருப்பி, வலக் கையை நீட்டி, ஒன்றின் மூக்கைத் தொடுகிறார். அத்தனை பொன்னுக்கும் நடுவில், கஃபரெல்லாவில் நான் பார்த்த அதே கை. இரண்டு நிமிடத்தில் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள்.

பிற்பகலில் புதிய சான் அப்பொல்லினாரே ஆலயம், 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோதோரிக் மன்னன் கட்டியது. சன்னல்களுக்கு மேலே, கழுத்து வலிக்க நிமிர்ந்தால் தெரியும் உயரத்தில், நான் தேடிவந்த கட்டம் இருந்தது. நடுவில் ஊதா உடையில் கிறிஸ்து. அவருடைய வலப்பக்கம் சிவப்பு வானதூதரும் மூன்று செம்மறிகளும், இடப்பக்கம் நீல வானதூதரும் மூன்று வெள்ளாடுகளும். வெள்ளாடுகள் அழகாகவே இருக்கின்றன, அவற்றின் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை. தங்களை ஏன் அந்தப் பக்கம் நிறுத்தினார்கள் என்று தெரியாத நிற்பு. மத்தேயுவின் வசனத்தை நான் மறுக்கவில்லை. பசித்தவனுக்கு உணவு தராதவனைப் பற்றிய தீர்ப்பு அது, அதன் கண்டிப்பு நமக்குத் தேவை. ஆனால் மன்றாடும் பெண்ணின் தலைக்கு மேல் நான் பார்த்ததையும் என்னால் மறக்க முடியவில்லை.

இரவு அந்த அஞ்சலட்டையைப் படமெடுத்து, வேறெதுவும் எழுதாமல், தங்கைக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு – கிளாசே

ஈஸ்டர் காலத்தின் நான்காம் ஞாயிறு, கத்தோலிக்க நாட்காட்டியில் நல்லாயன் ஞாயிறு. நகரத்துக்குச் சற்றுத் தள்ளி வயல்வெளியின் நடுவே இருக்கும் கிளாசே சான் அப்பொல்லினாரே ஆலயத்துக்கு 4-ஆம் எண் பேருந்தில் போனேன். தூறலும் குளிரும். திருப்பலிக்கு நூறு பேர்வரை வந்திருந்தார்கள். பின் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் நான் வழிபாட்டு ஏட்டைப் புரட்டித் தவிப்பதைக் கண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

549-இல் மாக்சிமியன் என்ற ஆயர் அபிஷேகம் செய்த ஆலயம் இது. பீடத்துக்கு மேலே அரைவட்டக் கூரை முழுவதும் பச்சை. பைன் மரங்கள், பூக்கள், பாறைகள். நடுவில் கைகளை விரித்து மன்றாடும் ஆயர் அப்பொல்லினாரிஸ், இரு பக்கமும் ஆறாறு செம்மறிகள். மேலே நீல வட்டத்தில் மணிகள் இழைத்த சிலுவை, சுற்றிலும் 99 விண்மீன்கள். சிலுவையின் நடுச்சந்திப்பில், நாணயம் அளவே தெரியும் கிறிஸ்துவின் முகம். மலையில் இயேசு உருமாறிய காட்சி இது. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் அங்கே மூன்று செம்மறிகளாகத் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஆட்டைச் சுமந்தவர் இங்கே ஒரு சிறிய முகமாகத் தொலைவுக்குப் போய்விட்டார், மந்தையின் நடுவில் அவர் இடத்தில் ஓர் ஆயர் நிற்கிறார். அந்த ஆயர் ஒருவரையும் சுமக்கவில்லை. ஆனால் கைகளைக் கீழே போடவும் இல்லை, ஏறத்தாழ 1,475 ஆண்டுகளாக.

இன்றைய நற்செய்தி யோவான் 10. நல்ல மேய்ப்பன் தன் உயிரைக் கொடுக்கிறான், கூலியாளோ ஓநாயைக் கண்டதும் ஓடிவிடுகிறான். மறையுரையில் குரு, கிரேக்க மூலத்தில் 'நல்ல' என்பதற்கான சொல் 'அழகான' என்றும் பொருள்படும் என்றார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. நான் அந்த ருமேனியரை நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டிலில் மூன்று வாரம் படுத்திருக்கும் அவரும் கூலியாள்தான். அப்பாவின் கடைசி இரண்டு மாதங்கள் இரவுக் காவலுக்கு நாங்கள் கூலி கொடுத்து அமர்த்திய அக்காவும் அப்படித்தான். அப்பாவின் மூச்சு நின்ற விடியற்காலையில் கையைப் பிடித்தபடி இருந்தவர் அந்த அக்காதான், நாங்கள் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தோம். ஓடாத கூலியாட்களும் உண்டு, ஆண்டவரே என்று மனத்துக்குள் சொன்னேன். அதை எதிர்வாதமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கான மன்றாட்டாகவே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் திரும்பும் பேருந்துக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் அந்த அம்மாளும் தன் குடையோடு வந்து நின்றார், அதன் பாதியை என் பக்கம் சாய்த்தார். மிச்சமிருந்த பெக்கொரீனோவைப் பகிர்ந்துகொண்டோம். அப்போது கைப்பேசி அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, அது வெள்ளாடு மாதிரி இருக்கே?"

ஆமாம், வெள்ளாடுதான் என்று பதில் போட்டேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பேருந்து வயல்களைக் கடந்து ஊருக்குள் நுழையும்போது மறுபடியும் அதிர்ந்தது.

"அந்த அட்டையை மடிக்காம கொண்டு வா. எனக்கு வேணும்."